டெம்ப் என்றால் நாளைக்கு இருக்காது

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அட்டை காலில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் அழும், நான் அட்டையைத் திட்டுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புதன்கிழமை நான் அண்ணனைத் திட்டியது கோபத்தில் இல்லை, பயத்தில். யாராவது ஒரு ஆளாவது அதை நம்ப வேண்டும்.

பசறை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஃபோன் ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், எல்லாம் ஒரே மேசையில். கடைக்கு ஒரே கம்ப்யூட்டர். எங்கோ ஒரு ஒபிஸில் கழித்துவிட்டதை முதலாளி வாங்கிவந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடையைக் கூட்டி, பிளேன்டீயும் குடித்து முடித்தால்தான் அது கண் திறக்கும். நடுவில் ஒரு தரம் நின்றுபோனால் வரிசையில் நிற்கிற சனம் என் முகத்தைப் பார்க்கும். முதலாளி என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த மெஷின் நின்ற நேரங்களில் மட்டும் "என்ன புள்ள செஞ்ச?" என்பார்.

அது மெதுவாக ஓடியதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது எதையும் மறக்காமல் இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருநாள் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் புதுத் தாலி, கன்னத்தில் வீக்கம். புருஷன் அடித்தால் எங்கே போய்ச் சொல்வது என்று தேடிக் கொடுக்கச் சொன்னாள்.  நான் தேடி, ஒரு துண்டில் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அவள் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, அவள் புருஷனின் தம்பி ஒரு கடிதம் அடிக்க வந்தான். கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எதையோ தேட ஒரு எழுத்தைத் தட்டினான். பழைய தேடல் முழுசாகக் கீழே விரிந்தது. அவன் சத்தம்போட்டு வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"யாரு புள்ள இது தேடுனது?"

"நான்தான்."

"ஒனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே?"

"ஆனா தேவைப்படும்ல, அதான் இப்பவே பாத்து வச்சிருக்கேன்" என்றேன். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். 

அன்றைக்கே பிரவுசரில் ஒரு ஏற்பாட்டைச் செய்தேன். மூடினால் தேடியது, பார்த்தது, எல்லாம் தானாகவே அழிந்துவிடும். அதோடு விடவில்லை. ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்பேடில் நாலைந்து வரி எழுதினேன். கம்ப்யூட்டர் எழும்பும் ஒவ்வொரு காலையும் அந்த வரிகள் யாரையும் கேட்காமல் ஓடி, உள்ளே சேர்ந்த தற்காலிகக் குப்பையை வாரிவிடும். சி டிரைவில் 'டெம்ப்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. ஸ்கேன் செய்கிற எல்லாம் அதில்தான் போய் விழும். ஊர்ச் சனத்தின் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, வைத்தியர் கடிதம், அத்தனையும் வருஷக்கணக்காக அதில் கிடந்தன. எவன் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதையும் அந்த வரிகளுக்குள் சேர்த்தேன். அப்படி அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, நேரே போய்விடும்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் பிளேன்டீ ஆறுவதற்கு முன் எழும்பியது. "அல்லாஹ்! என்ன மகள், மெஷின் பறக்குது!" என்றார் முதலாளி. எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

இப்போது நாங்கள் இருந்த தோட்ட லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், இறங்கி ஏற்றத்தில் இன்னும் அரை மணித்தியாலம் நடை. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினொரு காம்பரா, வீட்டுக்கு ஒரு அறை. ஒன்றில் நானும் அம்மாவும் அண்ணனும். பின்னால் தேயிலை மலை செங்குத்தாக ஏறும். கீழே பஸ் இறங்குகிற இடத்தில் ஒரு வரிசைத் தகரக் கொட்டில்கள் இருக்கின்றன. எனக்கு நினைவு தெரியும் முன்னால் பக்கத்துத் தோட்டத்தில் மண் இறங்கியபோது, மூன்று மாதத்துக்கு என்று கட்டிக் கொடுத்தவை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயரே 'டெம்பரரி'. பஸ்ஸில் கண்டக்டர் "டெம்பரரி எறங்குங்க, டெம்பரரி!" என்று கத்துவான். கல்யாணப் பத்திரிகையில்கூட விலாசம் அப்படித்தான் அடிப்பார்கள். அடித்துக் கொடுத்தவளே நான்தான்.

அந்த வருஷம் மழைக்கு முந்திய மாதங்களில், அண்ணன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில், எங்கள் லயத்துக்கு நேர் மேலே, மண் பிளந்திருப்பதைக் கண்டான். தேயிலை வரிசைக்குக் குறுக்கே ஒரு கோடு. நாங்கள் குடிக்கப் பிடிக்கிற பீலித் தண்ணீரும் காரணமில்லாமல் கலங்கி வந்தது. இந்த மாகாணத்தில் மண் இறங்கி லயம் போன கதை கேட்காத ஆள் இல்லை. அன்றிலிருந்து நான் சமைக்கும்போதுகூடப் பின்சுவருக்கு முதுகைக் காட்டுவதில்லை.

கிராம சேவகரைப் பிடித்து, அவர் மேலே சொல்லி, மண்சரிவு பார்க்கிற ஐயா ஒருவர் வந்தார். நல்ல மனுஷன். சேற்றில் முட்டிபோட்டுப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். வெய்யிலுக்குப் பிளந்ததாகவும் இருக்கலாம், மலை நகர்வதாகவும் இருக்கலாம். ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியாது. வாரம் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவுகோலை வைத்து எடுங்கள். மழைக்கு முன் மொத்தமாக ஒரே தடவையில் அனுப்புங்கள், ஒவ்வொன்றாக வந்தால் எங்களிடம் தொலைந்துபோகும். விரிகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே உங்களை இறக்கிவிட நான் எழுதுகிறேன். இதுதான் அவர் சொன்னது. விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அளவுகோலுக்கு எங்கே போவது? அம்மாவின் மட்டக்கம்பு இருந்தது. கொழுந்து பறிக்கும்போது செடியின் தலைமட்டம் பார்க்க மேலே வைக்கிற கம்பு. அம்மா வேலையை விட்ட பிறகு கதவு மூலையில் சாத்திக் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் அதைப் பிளவுக்குக் குறுக்கே போட்டுப் படம் எடுத்தான். முதல் வாரம் பிளவு கம்பில் ஒரு சாண்கூட இல்லை. ஏழாம் வாரம் பாதிக் கம்பு. கீழே வந்து படத்தைக் காட்டுவான். "காட்டாத, எடுத்து வையி, போதும்" என்பேன்.

ஏழாம் வாரத்தோடு அவன் ஃபோனில் இடம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை கடைக்கு வந்தான். நான் சாப்பிடப் போயிருந்தேன். அவனே வயரைக் குத்தி, படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, ஃபோனில் அழித்துவிட்டுப் போய்விட்டான். பின்னேரம் வீட்டில், "போட்டாச்சு புள்ள, பத்திரமா" என்றான். எங்கே போட்டாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. டெஸ்க்டொப்பில்தான் போட்டிருப்பான் என்று நினைத்தேன், வேறு எங்கே போடப் போகிறான்?

அனுப்பத்தானே போகிறோம், ஏழு படம் போதும் என்று அந்த ஞாயிறு அவன் மேலே போகவில்லை. திங்களும் செவ்வாயும் கடையில் மூச்சு விட நேரமில்லை. புதன்கிழமை மத்தியானம், மேகம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, சரி இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்று தேடினேன். டெஸ்க்டொப்பில் இல்லை. டொக்கியுமென்ட்ஸில் இல்லை. பிக்சர்ஸில் இல்லை. அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன்.

"எங்க போட்ட?"

"டெம்புல."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "எதுல?"

"டெம்புன்னு ஒன்னு இருந்துச்சுல்ல, அதுல. மத்ததெல்லாம் என்னா ஏதுன்னு வெளங்கல. இது நம்ம டெம்பரரிதானே, கெடந்தா கெடந்த எடத்துலயே கெடக்கும்னு போட்டேன்."

"டெம்புல போட்டா மறுநா காலையில அழிஞ்சிரும்டா! தானா அழிஞ்சிரும்!"

"நான் என்னத்தக் கண்டேன்? நம்ம ஊர்ல டெம்பரரின்னு சொன்ன எது போயிருக்கு?"

இன்று யோசித்தால் அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் பயம். அந்த வரிகளை எழுதியவள் நான். டெம்ப் என்ற பெயரைச் சேர்த்தவள் நான். அதையெல்லாம் அவன்மேல் கொட்டினேன். "அறிவிருக்கா ஒனக்கு? பதினோரு காம்பரா சனத்தையும் கொன்னுட்டியே! தொலைச்சது நீதானே, நீயே போயி எடுத்துட்டு வா!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். கடையில் நின்ற ஒரு ஆள் கொப்பி எடுக்க வந்ததை மறந்து வெளியே போய்விட்டார்.

முதலாளி வரிசையில் நின்றவர்களை அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற ஒரு மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன். மூன்று நாளாக அதே இடத்தில் ஸ்கேன் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அடையாள அட்டைகளுக்கு நடுவில் இரண்டே இரண்டு படங்கள் வந்தன. மேல்பாதியில் வானமும் தேயிலையும் தெளிவாக இருந்தன. கீழ்ப்பாதி, பிளவு இருக்க வேண்டிய இடம், வெறும் சாம்பல் நிறம். தேதியும் இல்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

அப்போதுதான் மழை பிடித்தது. தகரத்தில் கல் விழுவதுபோல விழுந்தது. எனக்குத் திடீரென்று நான் கத்தியது காதில் கேட்டது. போயி எடுத்துட்டு வா. அவன் மலைக்குப் போக வேண்டும் என்றா நான் சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் படத்தையும் எடுப்பது என்றுதான் சொல்வோம், அவன் புதுப் படம் எடுக்க மேலே போயிருப்பான். அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன், போகவில்லை. இன்னொரு தரம். இன்னொரு தரம். முதலாளி என் கையில் தன் குடையைத் திணித்து, "போ மகள், கடைய நான் பாக்குறேன்" என்றார்.

அந்தப் பஸ் பயணம்போல ஒன்று எனக்கு எதிரிக்கும் வேண்டாம். வளைவுக்கு வளைவு தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பாக ஓடியது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.  நான் சாமியைத் திட்டிக்கொண்டே வந்தேன். கும்பிட வரவில்லை, திட்டத்தான் வந்தது. "டெம்பரரி எறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தி முடிக்கும் முன் நான் குதித்துவிட்டேன்.

ஏற்றத்தை எப்படி ஏறினேன் என்று தெரியாது. காம்பரா வாசல் இஸ்தோப்பில் அம்மா நின்றுகொண்டிருந்தார், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு.

"அண்ணன் எங்கம்மா?"

"ஒங்கிட்டப் பேசிட்டு ஃபோன வச்சான், என் மட்டக்கம்பத் தூக்கிக்கிட்டு மேல போயிட்டான். மழைக்கு முன்னாடி போனவன்டி. என்னாடி சொன்ன அவன்கிட்ட?"

 லயத்துக்குப் பின்னால் ஓடினேன். மழைத்தண்ணீர் ஓடுகிற கான் நிறையச் சேறு வந்துகொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் ஏறினேன், அதற்கு மேல் கால் போகவில்லை. வழுக்கலால் இல்லை. மண்ணுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. படக், படக் என்று. வேர் அறுகிற சத்தம் என்று பிறகு சொன்னார்கள். என் கண்முன்னால் நேராக நின்ற ஒரு வரிசைத் தேயிலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. காற்று இல்லை. அண்ணே, அண்ணே என்று கத்தினேன். மழையில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவன் செத்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்தேன். நான் எழுதிய நாலைந்து வரி அவனை அழித்துவிட்டது என்று தோன்றியது. அவ்வளவு பயத்தில்கூட, வருகிறவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்றும் தோன்றியது.

கான் வழியாக, உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டு, சேறு பூசிய ஏதோ ஒன்று வந்தது. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஃபோனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். என் காலடியில் வந்து நின்று, பையை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"கம்பு எங்கடா?"

"உள்ள போயிருச்சு" என்றான். "குறுக்க வச்சேன். கம்பு எட்டல, புள்ள."

அவன் கடைசியாக எடுத்த படத்தில் அது இருந்தது. மட்டக்கம்பின் ஒரு நுனி இந்தக் கரையில், மறு நுனி வெறும் இருட்டில் தொங்குகிறது. அந்தப் பக்கத்துத் தேயிலை ஒரு படி கீழே இறங்கி நிற்கிறது. ஏழு வாரப் படங்களும் இனித் தேவைப்படவில்லை.

மழை பிடித்தால் லயத்தில் சிக்னல் செத்துவிடும். கோயில் பாறையில் ஏறினால்தான் ஒரு கோடு வரும். அங்கே ஏறி நின்று கிராம சேவகருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அது போகும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்த அந்தச் சின்ன வட்டத்தை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அவர் உடனே கூப்பிட்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "சாமான் எடுக்க வேணாம், சனத்த எறக்குங்க." பொழுது சாயுமுன் பதினொரு காம்பராவும் பள்ளிக்கூடத்தில் இருந்தன. அம்மா மட்டும் வழியெல்லாம் தன் கம்பைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில், பள்ளிக்கூட முற்றத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். பெரிய லொறி கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம்.  பிறகு தூரத்திலிருந்து பார்க்க விட்டார்கள். எங்கள் காம்பராவின் முன்கதவு சாத்தியபடி, நாதாங்கியோடு நின்றது. கதவுக்குப் பின்னால் மண் மட்டும்தான் இருந்தது. பின்சுவர் இருந்த இடத்தில்தான் என் பாய்.

அண்ணன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அவன் ஒன்றுமே சொல்லாதது இன்னும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது.

மண்சரிவு ஐயா எழுதியபடியே எங்களுக்கு இடம் கிடைத்தது. பழைய கொட்டில்களுக்குக் கொஞ்சம் மேலே, மலையை வெட்டி மட்டம் செய்து, தகரம் அடித்த பதினொரு அறைகள். மூன்று மாதத்துக்கு என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கண்டக்டர் "பழைய டெம்பரரி", "புது டெம்பரரி" என்று இரண்டு தரம் கத்துகிறான்.

கடையில் அந்த வரிகளை நான் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப்போல இன்னும் பெண்கள் வருகிறார்கள், அவர்களுக்காகக் கம்ப்யூட்டர் மறந்துதான் ஆக வேண்டும். ஆனால் பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துத் திரைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். 'டெம்ப் என்றால் நாளைக்கு இருக்காது.' ரீலோட் போட வந்த அண்ணன் அதை ஒரு தரம் வாசித்தான், இன்னொரு தரம் வாசித்தான். பிறகு சிரித்தான். "இதுல ஒன்ன அடிச்சுக் குடு புள்ள, நம்ம கதவுல ஒட்டி வைப்போம்" என்றான். முதலாளியும் சிரித்தார். நான் நிஜமாகவே ஒன்றை அடித்துக் கொடுத்தேன். அதை அவன் கதவில் ஒட்டினான். மழைச் சாரலில் எழுத்துக் கலைந்துவிட்டது, தாள் மட்டும் இன்னும் இருக்கிறது.

போன மாதம் அண்ணன் காட்டிலிருந்து ஒரு கம்பு வெட்டி வந்தான். பட்டையைச் சீவி, நேராக்கி, பழைய மட்டக்கம்பின் நீளத்துக்கு நறுக்கினான். அம்மா கொழுந்துக்குப் போவதை விட்டு எத்தனையோ காலம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் மலையை வெட்டிவிட்ட மண்சுவர் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று அவன் கடைக்கு வந்தான். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஃபோனை மேசையில் வைத்தான். அதில் ஒரு படம் திறந்திருந்தது. சிவந்த மண், குறுக்கே புதுக் கம்பு, கம்புக்கு அடியில் கை விரல் அகலத்துக்கு ஒரு கோடு.

"இந்தா" என்றான். "இந்தத் தடவ எங்க போடணுமோ, நீயே போடு."